அதிவேக சேர்லிஃப்ட் வந்தால் வரிசை குறையுமா?

மாதவி, கல்கரி

அனைவருக்கும் வணக்கம். குளிர்காலத்தில் வாரந்தோறும் நாங்கள் குடும்பத்துடன் செல்லும் சிறிய பனிச்சறுக்கு மலையில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிவரும் நால்வர் அமரும் சேர்லிஃப்ட்டை (ஓடும் வடத்தில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மலைமேல் ஏற்றும் அமைப்பு) எடுத்துவிட்டு, அதே பாதையில் நால்வர் அமரும் அதிவேக லிஃப்ட் ஒன்றை அமைக்கப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். இதற்காகப் பருவச் சீட்டின் விலையும் உயர இருக்கிறது. அடுத்த மாதம் சீட்டு வைத்திருப்போரின் கூட்டம் உள்ளது. அதற்கு முன் சில விஷயங்களைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர், ஏற்றம் 300 மீட்டர். இப்போது மேலே போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆகிறது; புதியதில் ஐந்தே நிமிடம் என்கிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் வரிசை பாதியாகிவிடும் என்பது என் கணவரின் கணக்கு. ஆனால் அறிவிப்பில் புதிய லிஃப்ட் மணிக்கு 2,400 பேரை ஏற்றும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பழைய லிஃப்ட்டின் அடிவாரப் பலகையிலும் அதே 2,400தான் எழுதியிருக்கிறது. இரண்டில் ஒன்று தவறா, அல்லது எனக்குத்தான் ஏதோ பிடிபடவில்லையா?

இன்னொன்றும் உண்டு. சென்ற மாதம் நடுவழியில் லிஃப்ட் திடீரென நின்றபோது எங்கள் நாற்காலி மேலும் கீழும் எழுந்து தாழ்ந்து, பின்னோக்கி நழுவியதுபோல் இருந்தது. அன்றிலிருந்து என் மகள் ஏறவே தயங்குகிறாள். அவளுக்கு நான் என்ன விளக்கம் சொல்வது?

திருநாவுக்கரசு, கிரெனோபிள்

வணக்கம் மாதவி. பலகை, அறிவிப்பு இரண்டிலும் உள்ளது சரியே. மணிக்கு எத்தனை பேர் மேலே போவார்கள் என்பதைத் தீர்மானிப்பது வடத்தின் வேகம் அன்று. ஒரு நாற்காலி வந்த பிறகு அடுத்தது வர எவ்வளவு நேரமாகிறது என்பதுதான். ஆறு நொடிக்கு ஒன்று வந்தால் மணிக்கு 600 நாற்காலிகள். நால்வர் வீதம் 2,400 பேர். அந்த ஆறு நொடியை விரும்பியபடி குறைத்துவிட முடியாது. முன்னால் ஏறியவர்கள் புறப்பட்ட பின், காலில் பலகைகளை மாட்டிக்கொண்டு நிற்கும் நால்வர் வாயிலைத் தாண்டி நகர்ந்து வந்து கோட்டில் ஒழுங்காக நிற்க அவ்வளவு நேரமாவது வேண்டும்.

பழைய லிஃப்ட்டின் வடம் நொடிக்கு 2.5 மீட்டர் ஓடுகிறது. ஆகவே நாற்காலிகளுக்கு நடுவே 15 மீட்டர் இடைவெளி. புதியதில் வடம் 5 மீட்டர் ஓடும். அதே ஆறு நொடிக்கு 30 மீட்டர் இடைவெளி. அதாவது வேகம் இரட்டிப்பாகும்போது வடத்தில் தொங்கும் நாற்காலிகள் பாதியாகின்றன. பழையதில் ஒரே நேரத்தில் 400 பேர் வானில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். புதியதில் 200 பேர்தான். மீதி 200 பேர் எங்கே போவார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, சனிக்கிழமை காலையில் அந்த லிஃப்ட்டை நம்பி 800 பேர் சறுக்குகிறார்கள் என்றும், கீழே இறங்கி வர ஆறு நிமிடம் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 2,400 பேர் என்றால், 800 பேரும் ஒரு சுற்று ஏறி முடிக்க 20 நிமிடம் வேண்டும். பழைய லிஃப்ட்டில் பயணம் பத்து, இறக்கம் ஆறு. மீதி நான்கு நிமிடம் வரிசையில் கழியும். புதியதில் பயணம் ஐந்து, இறக்கம் ஆறு. மீதி ஒன்பது நிமிடம் வரிசையில் கழியும். சுற்றுகளின் எண்ணிக்கை மாறவில்லை. உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடம் நின்றிருக்கும் ஐந்து நிமிடமாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையில் 300 பேர்தான் வருகிறார்கள் என்றால் நிலைமை வேறு: வரிசையே இராது, 16 நிமிடச் சுற்று 11 நிமிடமாகக் குறையும். அதிவேக லிஃப்ட்டின் முழுப் பயனும் அப்படிப்பட்ட நாட்களில்தான் கிடைக்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு சிறு வரலாறும் சொல்ல வேண்டும். உலகின் முதல் சேர்லிஃப்ட் 1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலியில் அமைக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கரன், யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பொறியாளர். கப்பலில் வாழைத்தார்களை ஏற்றுவதற்கான, கொக்கிகள் தொங்கும் ஓடுவடத்தில் முன்பு பணியாற்றிய அனுபவத்தில், கொக்கிக்குப் பதில் நாற்காலியைத் தொங்கவிட்டால் என்ன என்று எண்ணினார். பனியே இல்லாத கோடைக்கால ஒமாஹாவில், ஒரு சரக்கு வண்டியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி, சக்கரக் காலணி அணிந்த மனிதரை நிற்கவைத்து, எந்த வேகம்வரை ஒருவரைக் காயமின்றி அள்ளிக்கொள்ள முடியும் என்று சோதித்தார்கள். மணிக்கு நான்கைந்து மைல் என்று தெரிய வந்தது; நொடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. வடத்தில் நிலையாகப் பொருத்திய நாற்காலிகள் இன்றும் நொடிக்கு இரண்டரை மீட்டரைப் பெரிதாகத் தாண்டவில்லை. எஃகும் மோட்டாரும் எவ்வளவோ மாறியிருந்தாலும், முழங்காலின் பின்புறம் தாங்கும் அடி மாறவில்லை.

மாதவி, கல்கரி

ஐயா, மிக்க நன்றி. வரிசை நீளக்கூடும் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: இரண்டரை மீட்டருக்கு மேல் மனிதரை அள்ள முடியாது என்றால், ஐந்து மீட்டர் வேகத்தில் ஓடும் வடத்தில் எங்களை எப்படி ஏற்றுகிறார்கள்?

சுகந்தன், கிராவ்புண்டன்

வணக்கம் அக்கா. நான் சுவிஸ் நாட்டின் கிராவ்புண்டன் மாநிலத்தில் ஒரு மலையில் பதினொரு பருவமாக லிஃப்ட் பராமரிப்பு வேலை செய்கிறேன். உங்கள் கேள்விக்கு எங்கள் மாநிலமே பழைய விடை வைத்திருக்கிறது: வடத்தை விட்டுப் பிரியும் கதிரைகள் கொண்ட முதல் லிஃப்ட் 1945இல் இங்குள்ள பிளிம்ஸில்தான் ஓடியது, அதில் ஆட்கள் பக்கவாட்டாக அமர்ந்து சென்றார்கள். இன்று நாம் காணும் வடிவிலான நால்வர் அதிவேக லிஃப்ட் 1981இல் அமெரிக்காவின் பிரெக்கன்ரிட்ஜில் தொடங்கியது.

எல்லாம் பிடியில்தான் இருக்கிறது. கதிரையின் தூக்குத்தண்டுக்கு மேலே, இரும்புத் தாடைபோல ஒரு பிடி வடத்தைக் கவ்வியிருக்கும். அதைக் கவ்வவைப்பது வலுவான வில்கள். மின்சாரமோ காற்றழுத்தமோ அன்று. கதிரை நிலையத்துக்குள் நுழைந்ததும் பிடியின் சிறு சக்கரம் ஒரு தண்டவாளத்தில் ஏறும். பிடியின் நெம்புகோல் இன்னொரு வளைந்த தண்டவாளத்தில் அழுந்தித் தாடை திறக்கும். வடம் தன்பாட்டில் ஐந்து மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, கதிரை அதை விட்டு விலகித் தண்டவாளத்தில் தொங்கும். அதற்கு மேலே டயர்கள் வரிசையாகச் சுழலும். மோட்டார் சைக்கிள் டயரைவிடச் சிறியவை, காற்றடைத்தவை. முதல் டயர் வடத்தின் வேகத்தில் சுழலும். அடுத்தது சற்றுக் குறைவாக. அதற்கடுத்தது இன்னும் குறைவாக. பிடியின் முதுகிலுள்ள தட்டை அவை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திக் கதிரையின் வேகத்தை நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். நீங்கள் அமர்ந்த பின் மறுபுறம் உள்ள டயர்கள் இதையே தலைகீழாகச் செய்யும்.

இதில் என்னை இன்றும் வியக்கவைப்பது, அந்த டயர்களைச் சுழற்றும் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதுதான். பெரும்பாலான வடிவமைப்புகளில் அவற்றுக்குத் தனி மோட்டார் கிடையாது. ஓடும் வடமே நிலையத்தில் சில கப்பிகளைச் சுழற்ற, அந்தச் சுழற்சியைப் பட்டைகள் டயருக்கு டயர் கடத்துகின்றன. பட்டை ஓடும் சில்லுகளின் விட்டம் ஒவ்வோர் இடத்திலும் சற்று வேறுபடுவதால்தான் வேகம் படிப்படியாக இறங்குகிறது. ஆகவே காற்று காரணமாக வடத்தின் வேகத்தைப் பாதியாக்கினால் நிலையத்துக்குள் எல்லாமே பாதியாகும். வடம் நின்றால் டயரும் நிற்கும். வெளியே 30 மீட்டர் தள்ளி வரும் கதிரைகள் உள்ளே 6 மீட்டருக்கு நெருங்கும்; ஆனாலும் நடுவிலுள்ள ஆறு நொடி மாறாது. பிடி திரும்ப வடத்தைக் கவ்விய உடனே, அது போதிய விசையுடன் கவ்வியிருக்கிறதா, சரியான நிலையில் மூடியிருக்கிறதா என்று உணர்கருவிகள் பார்க்கும். ஒரு பிடி தேறவில்லை என்றாலும் கதிரை நிலையத்தை விட்டு வெளியே போகும் முன் லிஃப்ட் நின்றுவிடும்.

இந்தச் சோதனையை வெறும் சடங்கென்று எண்ண வேண்டாம். 1995 டிசம்பர் 23 அன்று கனடாவின் விஸ்லரில் ஓர் அதிவேக லிஃப்ட் அவசரமாக நிறுத்தப்பட்டபோது, ஒரு கதிரை வடத்தில் நழுவி இன்னொன்றில் மோத, நான்கு கதிரைகள் கீழே விழுந்தன, இருவர் உயிரிழந்தனர். அந்தப் பிடிகளுக்கு விசை தந்தவை ரப்பர் வில்கள். அதன்பின் அவ்வகைப் பிடிகள் வட அமெரிக்கா முழுவதும் அகற்றப்பட்டன அல்லது மாற்றப்பட்டன. நான் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பிடிகளைக் கழற்றி, விரிசல் இருக்கிறதா என்று காந்தத்தூள் தூவிப் பார்க்கும்போது அந்த நாளை நினைத்துக்கொள்வேன்.

ராகவன், டொராண்டோ

திருநாவுக்கரசு ஐயாவின் கணக்கை மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2,400 என்பது தாளில் உள்ள எண். நிலையான பிடி கொண்ட நால்வர் லிஃப்ட் ஒன்று அந்த எண்ணைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு குழந்தை தடுமாறி விழுந்தால் நிறுத்துகிறார்கள். புதியவர் ஒருவர் வந்தால் வேகத்தைக் குறைக்கிறார்கள். மேலே இறங்கும் இடத்தில் நால்வரும் ஒருவர் பலகைமேல் இன்னொருவர் ஏறி விழுந்தால் மறுபடியும் நிறுத்துகிறார்கள். நொடிக்கு ஒரு மீட்டரில் ஏற்றும் லிஃப்ட்டில் இவையெல்லாம் அரிது. எனவே இரண்டையும் சமமாக வைத்துக் கணக்கிடுவது புதிய லிஃப்ட்டுக்குச் செய்யும் அநீதி.

பழையதிலேயே ஏற்றும் இடத்தில் ஓடும் கம்பளம் போட்டால் நிலைமை ஓரளவு சீராகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பளம் நம்மை முன்னோக்கி நகர்த்திக்கொண்டே போவதால் நாற்காலி முழங்காலில் தட்டும் வேகம் குறைகிறது; எல்லாரும் சரியான இடத்தில், சரியான நேரத்தில் நிற்கவும் அது உதவுகிறது.

திருநாவுக்கரசு, கிரெனோபிள்

ராகவன் சொல்வது நியாயம். அந்த இழப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது எவ்வளவு என்பது மலைக்கு மலை மாறும். அதை அளந்துதான் அறிய வேண்டும். மாதவி, உங்களுக்கு ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், அடிவாரத்தில் நின்று எத்தனை நாற்காலிகள் புறப்படுகின்றன, எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கூட்டத்தில் பேச இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது.

புதிய லிஃப்ட்டின் சார்பில் நானே ஒன்று சொல்ல வேண்டும். கருவிகளோடு ஒருவர் 80 கிலோ என்று கொண்டால், மணிக்கு 2,400 பேரை 300 மீட்டர் உயர்த்த, உராய்வு நீங்கலாக, சுமார் 157 கிலோவாட் வேண்டும். இது இரண்டு லிஃப்ட்டுக்கும் ஒன்றே; ஆற்றலைத் தீர்மானிப்பது மணிக்கு எத்தனை பேர் என்பதே தவிர, வேகம் அன்று. ஆனால் அந்த ஆற்றலை 2.5 மீட்டர் வேகத்தில் செலுத்த வடத்தை ஏறக்குறைய 63 கிலோநியூட்டன் விசையுடன் இழுக்க வேண்டும். 5 மீட்டரில் அதில் பாதி போதும். வடத்தில் பாதிப் பேர்தான் தொங்குகிறார்கள் என்பதையே இது வேறு விதமாகச் சொல்கிறது.

அந்த விசை எப்படி வடத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் கவனியுங்கள். நிலையத்திலுள்ள பெருஞ்சக்கரத்தின் பள்ளத்தில் ரப்பர் பதித்திருப்பார்கள். வடம் அதில் பாதிச் சுற்று மட்டுமே தழுவிச் செல்கிறது. வேறு எந்தப் பூட்டும் இல்லை, உராய்வு ஒன்றுதான் துணை. உராய்வுக் கெழு 0.25 என்றால், இறுகிய பக்கத்தின் இழுவிசை தளர்ந்த பக்கத்தைப்போல் 2.2 மடங்கை எட்டியதும் வடம் வழுக்கத் தொடங்கும். ஆகவே இழுவை எவ்வளவு பெரிதோ, தளர்ந்த பக்கத்தையும் அவ்வளவு விறைப்பாக வைத்திருக்க வேண்டும். ஒரு முனையிலுள்ள பெருஞ்சக்கரம் தண்டவாள வண்டியில் அமர்ந்திருக்க, எதிர் எடையோ எண்ணெய் அழுத்த உருளையோ அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். தொய்வைக் குறைக்க மட்டுமே அந்த ஏற்பாடு என்று பலர் எண்ணுகிறார்கள். வழுக்காமல் காப்பதும் அதன் பொறுப்பே.

சுகந்தன், கிராவ்புண்டன்

மாதவி அக்கா, உங்கள் மகளின் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் உணர்ந்தது பின்னோக்கிய ஓட்டம் அன்று என்றே எண்ணுகிறேன். இரண்டு தூண்களுக்கு நடுவே வடம் தொய்வாகத் தொங்குகிறது. வடம் சட்டென்று நிற்கும்போது அதன் இழுவிசை மாறும்; இழுவிசை மாறினால் தொய்வு மாறும்; தொய்வு மாறினால் கதிரை மேலும் கீழும் எழுந்து தாழும். கூடவே கதிரை தன் தூக்குத்தண்டில் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடும். இரண்டும் சேரும்போது வயிற்றைப் பிசையும். ஆனால் வடம் நின்ற இடத்தில்தான் நிற்கும். அடுத்த முறை நின்றால் கதிரையைப் பார்க்காமல் அருகிலுள்ள தூணின் கப்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவை சுழலவில்லை என்பதை அவளே கண்டுகொள்வாள்.

பின்னோக்கிய ஓட்டம் என்ற ஆபத்து உண்மையில் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஏறும் பக்கத்தில் ஆட்கள், இறங்கும் பக்கத்தில் வெறும் கதிரைகள். எனவே மோட்டார் விட்டுவிட்டால் முழு எடையும் வடத்தைக் கீழ்நோக்கி இழுக்கும். 2018 மார்ச் 16 அன்று ஜார்ஜியா நாட்டின் குதாவுரியில் இப்படி ஒரு லிஃப்ட் தலைகீழாக ஓடி, கதிரைகள் அடிவார நிலையத்தில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தன. ஆட்கள் குதித்துத் தப்பினார்கள், பலர் காயமடைந்தனர். இதைத் தடுக்கத்தான் ஒன்றை ஒன்று நம்பாத வெவ்வேறு பிரேக்குகள் வைக்கிறார்கள். ஒன்று மோட்டாரின் வேகமான அச்சில் இருக்கும். அன்றாட நிறுத்தத்துக்கு அது போதும். ஆனால் கியர்பாக்ஸிலோ அச்சிலோ முறிவு ஏற்பட்டால் அந்த பிரேக் எதையும் பிடித்து நிறுத்தாது. அதனால் இன்னொன்று நேரடியாகப் பெருஞ்சக்கரத்தின் விளிம்பையே கவ்வும். பின்னோக்கிச் சுழல்வதை உணர்ந்ததும் தடுக்கும் அமைப்பும் உண்டு. இந்த பிரேக்குகளை மூடுவது வில். திறந்து வைத்திருப்பதுதான் எண்ணெய் அழுத்தம். குழாய் வெடித்தாலும் மின்சாரம் போனாலும் அவை தாமாகவே மூடிக்கொள்ளும். நாங்கள் காலையில் ஆட்களை ஏற்றும் முன் பிரேக்குகளைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவோம். எண் சரியாக வரும்வரை வாயில் திறக்காது.

வடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வடம் ஒரு முடிவில்லாத வளையம். ஆனால் தொழிற்சாலையிலிருந்து உருளையில் சுற்றி வரும்போது அதற்கு இரண்டு முனைகள் உண்டு. அவற்றை முடிச்சின்றி, பற்றவைப்பின்றி, கைகளாலேயே பின்னி ஒன்றாக்குகிறார்கள். வட விட்டத்தைப்போல் குறைந்தது 1,200 மடங்கு நீளத்துக்கு அந்தப் பின்னல் இருக்க வேண்டும். 40 மில்லிமீட்டர் வடத்துக்கு 48 மீட்டர். இரண்டு பக்கமும் ஆறு புரிகளைப் பிரித்து, ஒரு பக்கத்துப் புரியை எடுத்த பள்ளத்தில் மறுபக்கத்துப் புரியைப் படியவைத்துக்கொண்டே போவார்கள். இரண்டு புரிகளும் சந்திக்கும் இடத்தில், நடுவே உள்ள நெகிழி அகணியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்துக்குள் புரிகளின் வால்களை நுழைத்துவிடுவார்கள். வால்கள் அகணியின் பருமனுக்குச் சரியாக வரும்படி அவற்றின் மேல் நாடா சுற்றுவார்கள். வெளியிலிருந்து வரும் இழுவிசை எவ்வளவு கூடுகிறதோ, வெளிப்புரிகள் அவ்வளவு இறுக்கமாக உள்ளே புதைந்த வால்களை நெரிக்கும். சுமை கூடினால் பிடிப்பும் கூடும். நான் முதன்முதலில் உதவிக்கு நின்ற நாளில், முதிய பின்னல்காரர் ஒருவர் மரச்சுத்தியால் கடைசிப் புரியைத் தட்டிப் படியவைத்துவிட்டு, என் கையைப் பிடித்து வடத்தின்மேல் மெதுவாக நடத்தினார். கையுறையைக் கழற்றச் சொன்னார். இணைப்பு எங்கே தொடங்குகிறது என்று விரலால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயின்ட்டால் அடையாளம் இட்ட பிறகுதான் தெரிந்தது.

அந்த வடத்தைக் காக்கத்தான் நிலையான பிடிகளை அவ்வப்போது வடத்தில் சற்று நகர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தைக் கவ்விக்கொண்டு பெருஞ்சக்கரத்தை ஆயிரக்கணக்கான தடவை சுற்றினால் அந்த இடத்தின் கம்பிகள் தேய்ந்து அறும். உங்கள் பழைய லிஃப்ட்டில் யாரோ இதை முப்பது ஆண்டுகளாக, பருவம் தவறாமல் செய்திருக்கிறார்கள்.

மாதவி, கல்கரி

சுகந்தன் தம்பி, நீங்கள் எழுதியதை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கப்பிகளைப் பார்க்கும் பொறுப்பு இனி அவளுடையது என்று சொல்லிவிட்டாள். நேற்று ஏறினாள்.

ஐயா சொன்னபடி சனிக்கிழமை பத்தரை முதல் பதினொன்றரை வரை அடிவாரத்தில் நின்று எண்ணினேன். கணவர் நாற்காலிகளை எண்ண, நான் ஆட்களை எண்ணினேன். 600 நாற்காலிகள் போயிருக்க வேண்டும், 471தான் போயின. முழுதாக நின்றது ஒன்பது முறை. வேகம் குறைந்தது எத்தனை முறை என்று எண்ண முடியவில்லை. அமர்ந்து சென்றவர்கள் மொத்தம் 1,507 பேர், நாற்காலிக்கு 3.2 பேர் வீதம். மூவராக வந்த குடும்பங்களும் இருவராக வந்த நண்பர்களும் தங்களுக்குள் பிரிய மனமின்றி இடம் காலியாகவே போவதைக் கண்முன் பார்த்தேன். எண்ணி முடித்ததும் நாங்களே வரிசையில் நின்றோம்: சரியாக 14 நிமிடம்.

திருநாவுக்கரசு, கிரெனோபிள்

மிக அருமையான வேலை செய்திருக்கிறீர்கள். ராகவன் சொன்னது உறுதியாகிவிட்டது: நிறுத்தங்களாலும் வேகக் குறைப்பாலும் மட்டுமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. பழைய லிஃப்ட்டின் சராசரி வேகம் நொடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பயண நேரம் பத்தன்று, 12.7 நிமிடம். அதனுடன் வரிசை 14, இறக்கம் 6 சேர்த்தால் சுற்றுக்கு ஏறக்குறைய 33 நிமிடம். மணிக்கு 1,507 பேர் வீதம், அந்த லிஃப்ட்டைச் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் சுமார் 820 பேர் என்று வருகிறது.

இனி இதே 820 பேரைப் புதிய லிஃப்ட்டில் ஏற்றிப் பார்ப்போம். அதற்கும் ஒரு மூன்று விழுக்காடு நிறுத்த இழப்பு இருக்கும் என்றும், மக்கள் இப்போதுபோலவே 3.2 பேராக அமர்வார்கள் என்றும் கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 1,860 பேர். சுற்று 26 நிமிடமாகக் குறையும். ராகவன் வாதாடிய பயன் இது, மெய்யானது. ஆனால் வரிசையில் நிற்பது 15 நிமிடம். வரிசை குறையாது என்ற என் வாதமும் நிலைக்கிறது.

அதைவிட முக்கியமானது அந்த 3.2. பழைய லிஃப்ட்டை ஒரு திருகாணிகூட மாற்றாமல், தனியாக வருவோருக்கு ஒரு தனி வரிசை வைத்து, காலி இடங்களை நிரப்ப ஒரு பணியாளரை நிறுத்தி, 3.2ஐ 3.8 ஆக்கினால் மணிக்கு சுமார் 1,790 பேர் ஏறுவார்கள். சுற்று 27 அல்லது 28 நிமிடம். வரிசை 9 நிமிடம். அதாவது புதிய லிஃப்ட் தரப்போகும் பயனில் பெரும்பகுதியை ஒரு கயிறும் ஓர் ஆளும் தந்துவிடுவார்கள்.

ராகவன், டொராண்டோ

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. என் பக்கத்திலிருந்து மாதவி கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: மணிக்கு எத்தனை பேர் கூடுதலாக மேலே போகிறார்களோ, அத்தனை பேரும் கீழே சறுக்கியாக வேண்டும். இறக்கம் ஆறு நிமிடம் என்றால், இப்போது சரிவில் ஒரே நேரத்தில் சுமார் 150 பேர் இருக்கிறார்கள். புதிய லிஃப்ட்டும் தனி வரிசையும் சேர்ந்தால் அது 220 ஆகும். குழந்தைகள் பழகும் சரிவு பெரிய சரிவுடன் சேரும் குறுகிய இடம் ஏதேனும் அங்கே இருந்தால், அங்கே என்ன செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். லிஃப்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் சரிவை அகலப்படுத்தவும் பங்கு இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும்.

மாதவி, கல்கரி

கூட்டம் முடிந்தது. எண்ணிய தாளை அப்படியே கொடுத்தேன். லிஃப்ட்டை மாற்றுவதற்கு வேகம் மட்டும் காரணமில்லை, பழைய கியர்பாக்ஸுக்கு உதிரிபாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது என்று பராமரிப்புத் தலைவர் எழுந்து சொன்னார். அறிவிப்பில் அதை எழுதியிருந்தால் நான் இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டேன் என்றேன். ராகவன் அண்ணன் சொன்ன குறுகிய இடம் எங்கள் மலையில் உண்மையாகவே இருக்கிறது; மூன்றாம் தூணுக்குக் கீழே. அதை அகலப்படுத்துவதைத் திட்டத்தில் சேர்ப்பதாகக் குறித்துக்கொண்டார்கள்.

தனியாக வருவோருக்கான வரிசை இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. நேற்று மறுபடியும் ஒரு மணி நேரம் எண்ணினோம். 468 நாற்காலிகள், 1,731 பேர். வரிசையில் நின்ற நேரம் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.